பெரிய டீச்சர் போன பிறகு நாங்கள் செய்தது, நீங்களும் செய்யலாம்

மலேசியாவில், சுங்கை சிப்புட் கடைத்தெருவில் 22 வருடமாகப் போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். கண்ணீர் அஞ்சலி அட்டை, பதினாறாம் நாள் காரிய அழைப்பு, முதலாண்டு நினைவு பேனர் எல்லாம் இங்கேதான் அடித்துக் கொடுப்போம். எத்தனையோ குடும்பங்களுக்குச் செய்திருக்கிறேன். போன வருடம் எங்கள் பெரிய டீச்சர் தவறிய செய்தி வந்த அன்று மட்டும் கணினி முன்னால் உட்கார்ந்து ஒரு வரி தட்டச்சு செய்ய முடியவில்லை.

அவர் எங்கள் ரப்பர் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் 33 வருடம் படித்துக் கொடுத்தவர். அதே பெயரில் இன்னோர் இளம் ஆசிரியை இருந்ததால் இவர் ‘பெரிய டீச்சர்’ ஆனார். ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. சாயங்காலம் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் டியூசன். காசு கிடையாது. சனிக்கிழமை காலையில் பெரியவர்களுக்குப் பாரம், அதாவது படிவம், நிரப்பித் தருவார். மலாயில் வரும் கடிதங்களை வாசித்து, இது என்ன, இதற்கு என்ன பதில் என்று சொல்வார். ஆறாம் வகுப்பு முடித்து, இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்துக்கு முன் வரும் புகுமுக வகுப்பில் மலாய் புரியாமல் திணறுகிற பிள்ளைகளைத் தேடிப்போய்க் கூப்பிட்டு வருவார். பாதிப் பேர் படிப்பை விடுவது அந்த ஒரு வருடத்தில்தான் என்று அடிக்கடி சொல்வார்.

இப்படி ஒருவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். அவர் போனதும் பழைய மாணவர்கள் ஆளாளுக்கு ஒன்று செய்ய ஓடுவோம். நாங்கள் சிலதைச் சரியாகச் செய்தோம், சிலதைத் தவறவிட்டோம். இரண்டையும் எழுதுகிறேன்.

முதல் பதினாறு நாள் வீட்டாருக்கு உரியது. அந்த நாள்களில் நினைவு மலர், அறக்கட்டளை, மண்டபத்துக்குப் பெயர் என்று எதையும் பேசாதீர்கள். ஒரே ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் வாங்கி, வாசலில் மொய் எழுதுகிற மேசைக்குப் பக்கத்தில் வையுங்கள். வருகிறவர் தன் பெயர், டீச்சரிடம் படித்த வருடம், தொலைபேசி எண் மூன்றையும் எழுதட்டும். நாங்கள் இதைச் செய்யவில்லை. ஜொகூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ராத்திரியோடு ராத்திரியாக வண்டி ஓட்டிவந்த ஆட்கள், அழுதுவிட்டு, ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். யார் யார் வந்தார்கள் என்று பிறகு கண்டுபிடிக்க நான்கு மாதம் ஆனது. சிலரை இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து வீட்டாரிடம் போய் உட்காருங்கள். என்ன செய்யப்போகிறோம் என்று சொல்வதற்கு முன்னால், “அம்மாவைப் பற்றி எது வெளியே வரவேண்டாம்?” என்று கேளுங்கள். நான் கேட்டபோது மகன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் இரண்டு விஷயம் சொன்னார். அவை என்னோடு இருக்கட்டும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகுதான் அவர் அலமாரியைத் திறந்து ஆல்பங்களை எடுத்துக் கொடுத்தார்.

படங்களைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், இது என் தொழில். சட்டம் போட்ட படத்தைக் கண்ணாடியோடு கைப்பேசியில் எடுத்து அனுப்பாதீர்கள். கண்ணாடியில் டியூப்லைட் விழும், முகம் போய்விடும். சட்டத்திலிருந்து கழற்றி ஸ்கேனரில் வைத்து, சின்னப் படமாக இருந்தால் 600 டிபிஐ-யில் எடுங்கள். பழைய பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை நகத்தால் நெம்பினால் கிழியும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக ரம்பம் போல் இழுங்கள். பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் விட்டுவிடுங்கள், தாளோடு சேர்த்து ஸ்கேன் செய்யலாம். புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், படம் அனுப்புகிறவர்களிடம் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும், பெரிதாக அச்சடிக்க உதவாது.

வகுப்புப் படம் கிடைத்தால் அன்றைக்கே ஆள்களின் பெயரைக் கேட்டு எழுதிவிடுங்கள். பின் வரிசை, நடு வரிசை, முன் வரிசை, இடமிருந்து வலம். படத்தின் பின்பக்கம் எழுதுவதானால் மென்மையான பென்சில்தான், பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். எங்களிடம் 41 பிள்ளைகள் உள்ள ஒரு படம் இருக்கிறது. அதில் 36 பேரை அடையாளம் சொன்னது பள்ளியில் தோட்டக்காரராக இருந்த பெரியவர். ஆசிரியர்களுக்கே தெரியாதது அவருக்குத் தெரிந்தது. யார் யார் செருப்பில்லாமல் வருவார்கள் என்பதுகூட.

அடுத்தது நினைவுகளைச் சேர்ப்பது. இதில்தான் எல்லோரும் தவறு செய்கிறோம். “டீச்சரைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் “தங்கமானவங்க, தெய்வம் மாதிரி” என்று சொல்லி அழுதுவிடுவார்கள். அது உண்மைதான். ஆனால் அதில் டீச்சர் இல்லை. எல்லா அஞ்சலி அட்டையிலும் அதே வார்த்தைதான். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். வகுப்பில் நீ எந்த இடத்தில் உட்கார்ந்தாய்? தகரக் கூரையில் மழை அடித்தால் பாடம் எப்படி நடக்கும்? டீச்சர் எதில் வருவார்? வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் என்ன சொல்வார்?

கடைசிக் கேள்விக்கு ஐந்து பேர் தனித்தனியாக ஒரே பதில் சொன்னார்கள். “தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. உக்காரு. சாப்பிட்டு வந்து பார்ப்போம்.” எனக்கும் சொல்லியிருக்கிறார். மறந்தே போயிருந்தேன்.

மாணவர்களிடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். எங்கள் தோட்டத்தில் முன்பு பால் வெட்டிய ஒரு பாட்டி இப்போது தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், மகள் வீட்டில் இருக்கிறார், வயது 81. டீச்சரிடம் படித்தது அவர் மகள். மகளைப் பார்க்கப் போன இடத்தில் பாட்டியே பேச ஆரம்பித்துவிட்டார். சம்பள நாளில் தோட்டத்து எழுத்தரான கிராணி மை டப்பாவை நீட்டுவாராம். கட்டை விரலை வைத்துவிட்டு, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வருவார்களாம். டீச்சர் மதியத்துக்கு மேல் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் வந்து உட்கார்ந்து நாலைந்து பெண்களுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக் கொடுத்தாராம். “எப்படிப் பாட்டி கற்றுக் கொடுத்தார்?” என்று கேட்டேன். பாட்டி காப்பிக் கோப்பையின் அடியில் தேங்கியிருந்த தண்ணீரில் விரலைத் தொட்டு, மேசையில் விரித்திருந்த பிளாஸ்டிக் துணியில் தன் பெயரை எழுதினார். முதல் எழுத்தின் சுழி பெரிதாக வந்தது. “இங்க கை நிக்கும். நின்னா டீச்சர் என் கையைப் புடிச்சி இப்படிச் சுத்திவிடும்” என்று என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். அடுத்த சம்பளத்துக்குப் பேனா கேட்டாராம். கிராணி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத் தன் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்துக் கொடுத்தாராம். பாட்டி சொல்லி முடிப்பதற்குள் மேசையில் எழுதிய பெயர் காய்ந்துவிட்டது.

ஒலிப்பதிவு செய்யும்போது கைப்பேசியை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். முதல் தடவை நான் போடவில்லை. இடையில் அழைப்பு வந்து பதிவு நின்றுவிட்டது, பாட்டி பேசிய இருபது நிமிடம் போனது. திரும்பச் சொல்லச் சொன்னேன், சொன்னார், ஆனால் முதல் தடவை வந்த மாதிரி வரவில்லை. டிவியை அணையுங்கள், காற்றாடி மேசைக்கு நேராக இருந்தால் திருப்பிவிடுங்கள். பதிவின் ஆரம்பத்தில் தேதி, இடம், பேசுகிறவர் பெயர் மூன்றையும் உங்கள் குரலில் சொல்லுங்கள். அன்று ராத்திரியே இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். எழுத்தாக்கும்போது அவர்கள் பேசிய பேச்சை இலக்கணத் தமிழாகத் திருத்தாதீர்கள். ‘டீச்சர் வந்திச்சி’ என்று பாட்டி சொன்னால் அது அப்படியே இருக்கட்டும். எங்கள் தோட்டத்து மரியாதை அந்தச் சொல்லில் இருக்கிறது.

வருடங்களைச் சரிபார்ப்பது தனி வேலை. டீச்சர் எந்த வருடம் பள்ளிக்கு வந்தார் என்பதில் எங்களுக்குள் மூன்று கருத்து. ஆட்களுக்கு வருடம் ஞாபகம் இருக்காது, சம்பவம் ஞாபகம் இருக்கும். “கலர் டிவி வருவதற்கு முன்னாலா, பின்னாலா?” என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். தீபகற்ப மலேசியாவில் அது 1978 கடைசியில் வந்தது. ஆறாம் வகுப்பு அரசுத் தேர்வான யூபிஎஸ்ஆர் 1988-இல் தொடங்கியது, கடைசியாக எழுதியது 2019. ‘நாங்கதான் முதல் யூபிஎஸ்ஆர் செட்’ என்று ஒருவர் சொன்னால், அவர் ஆறாம் வகுப்பில் இருந்த வருடம் கிடைத்துவிட்டது. தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட வருடம், லயத்தை உடைத்த வருடம், இவையும் நல்ல அடையாளங்கள்.

காகிதத்துக்குப் பள்ளி அலுவலகத்தோடு நின்றுவிடாதீர்கள். 1923 தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று வைத்திருந்தது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் பல அப்படி வந்தவைதான். அதனால் பழைய காகிதம் தோட்ட ஆபீசிலும் இருக்கக்கூடும். ஒரு தோட்டம் கைமாறும்போது முதலில் குப்பைக்குப் போவது இதுதான், சீக்கிரம் போய்க் கேளுங்கள். டீச்சரைப் பற்றிப் பத்திரிகையில் வந்த துண்டுகள் யார் வீட்டிலாவது இருந்தால் பத்திரப்படுத்துங்கள். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுவிட்டது. பழைய இதழ் வேண்டுமென்றால் இனி கோலாலம்பூரில் தேசிய நூலகம் போன்ற இடங்களில் போய்த்தான் தேட வேண்டும். வீட்டில் மஞ்சளாகிக் கிடக்கிற ஒரு துண்டுக்கு அவ்வளவு மதிப்பு.

பெயரை எழுதும்போது ஒருமுறைக்கு மூன்று முறை பாருங்கள். டீச்சர் பெயரில் ழகரம் உண்டு. அடையாள அட்டையில் அது ரோமன் எழுத்தில் ‘L’ ஆகப் பதிவாகியிருந்தது, பழைய பள்ளி மலர் ஒன்றில் ளகரம். வாழ்நாள் முழுக்க எங்களுக்கு ழ, ல, ள சொல்லிக் கொடுத்தவர். அவர் தன் கைப்பட எப்படி எழுதினார் என்று தேடி, பழைய மதிப்பெண் அட்டை ஒன்றில் கண்டுபிடித்து, அதைத்தான் வைத்தோம்.

அச்சடிக்கும்போது இன்னொரு தொல்லை. யூனிகோடில் தட்டிய தமிழைச் சில வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டினால் ‘கொ’ உடையும். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கடைக்காரர் தமிழ் படிக்கத் தெரியாதவராக இருந்தால் அப்படியே அடித்துவிடுவார். முதல் படியைத் தாளில் எடுத்து, தமிழ் நன்றாகத் தெரிந்த இரண்டு பேரிடம் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கண் தாண்டிப் போகிற பிழையை வாய் தாண்டாது.

பேனர் பற்றிக் கேட்கிறவர்களுக்கு என் யோசனை, சின்னதாகப் போதும். வெயிலில் முகம்தான் முதலில் வெளுக்கும், அதைப் பார்க்க வீட்டாருக்கு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். ரோட்டோரம் கட்டுவதானால் நகராண்மைக் கழகத்தில் கேட்டுவிட்டுக் கட்டுங்கள், எங்கள் ஊருக்கு அது கோலகங்சாரில். நாங்கள் பேனருக்குப் பதிலாக உள்ளங்கை அளவு அட்டை அடித்தோம். ஒரு பக்கம் டீச்சர் படம், மறுபக்கம் “தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. உக்காரு. சாப்பிட்டு வந்து பார்ப்போம்.” வேறு எதுவும் இல்லை. 500 அடித்தோம், ஒன்றுகூட மிச்சமில்லை. பள்ளியில் வகுப்பறைக்கோ வாசகசாலைக்கோ பெயர் வைக்க ஆசைப்பட்டால் தலைமையாசிரியர், பெற்றோர் ஆசிரியர் சங்கம், பள்ளி மேலாளர் வாரியம் மூன்று பேரிடமும் பேசி, கல்வி இலாகா அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு பலகை அடியுங்கள்.

சரி, பணம். இதில் நல்ல மனிதர்கள் சண்டை போட்டுப் பிரிவதைப் பார்த்திருக்கிறேன். வீடு வீடாகவோ தெருவிலோ பொதுமக்களிடம் வசூலிக்க 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் உரிமம் வேண்டும். ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சங்கமாக நடத்துவதென்றால் 1966 சங்கங்கள் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். வருமான வரியில் கழிவு கிடைக்கும் என்று வாய்க்கு வந்தபடி சொல்லாதீர்கள், பிரிவு 44(6)-இன் கீழ் ஒப்புதல் பெற்ற அமைப்பு தரும் ரசீதுக்குத்தான் அது. எங்களைப் போன்ற சின்னக் கூட்டத்துக்கு, ஏற்கெனவே பதிவும் வங்கிக் கணக்கும் உள்ள பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாகப் போவது நல்லது. வசூலை இரண்டு பேர் சேர்ந்து எண்ணுங்கள், அன்றைக்கே ரசீது, மாதக் கடைசியில் புலனக் குழுவில் கணக்கு.

எங்களுக்குச் சேர்ந்தது 2,150 ரிங்கிட். ஒருவர் ‘நிரந்தர’ பரிசு வைக்கலாம் என்றார். கணக்குப் போட்டேன். வருடத்துக்கு 200 ரிங்கிட் புத்தகம் என்றால் பத்து வருடம் வரும். அப்படியே பத்து வருடம் என்று எழுதிவிட்டோம். வருடாவருடம் மே 16 ஆசிரியர் தினத்தன்று, முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கு அல்ல, மலாய்ப் பாடத்தில் போன வருடத்தைவிட அதிகம் முன்னேறிய பிள்ளைக்கு. டீச்சர் இருந்திருந்தால் அந்தப் பிள்ளையைத்தான் பார்த்திருப்பார்.

நினைவுக் கூட்டத்துக்குத் தேதி வைப்பது சுலபம். எஸ்பிஎம் அரசுத் தேர்வு நேரம், தீபாவளி வாரம், தைப்பூசம், கோயில் திருவிழா தவிர்த்து, வெளியூர்க்காரர்கள் வரத்தக்க நீண்ட விடுமுறையில் ஒரு சனிக்கிழமை மாலை. பேசுகிறவருக்கு மூன்று நிமிடம். பிரமுகரை அழைத்தால் அவருக்கும் மூன்று நிமிடம்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். அலமாரியில் ஆல்பத்துக்குக் கீழே பதினேழு 555 நோட்டுகள் இருந்தன. கடையில் கடன் எழுதுகிற அந்தச் சின்னப் பாக்கெட் நோட்டுதான். டீச்சர் அதில்தான் தன் சனிக்கிழமை வேலைகளை எழுதியிருக்கிறார். நீலப் பேனாவில் ஒரு வரிக்கு ஓர் ஆள், முடிந்தால் சிவப்புப் பேனாவில் ஒரு சரி. இப்படி: ‘புகுமுக வகுப்புப் பையன், கண்ணாடி, அப்பாவிடம் பேசவும்.’ ‘சொக்சோ பாரம், டாக்டர் கையெழுத்து பாக்கி.’ ‘இபிஎஃப் வாரிசுப் பெயர் போடவில்லை, மறுபடி ஞாபகப்படுத்து.’ சொக்சோ என்பது தொழிலாளர் காப்புறுதி, இபிஎஃப் சேமநிதி. பக்கம் பக்கமாகச் சிவப்புச் சரி. கடைசி நோட்டின் கடைசி மூன்று பக்கத்தில் மட்டும் பதினோரு வரிகள் சிவப்பு இல்லாமல் நின்றன.

உங்கள் டீச்சரிடமும் இப்படி ஒன்று இருக்கும். நோட்டாக இல்லாவிட்டால் நாள்காட்டியில், கைப்பேசியில், ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்த பாரங்களில். அதைத் தேடுங்கள். ஆனால் கவனம், அதில் இருப்பது அடுத்தவர் குடும்ப விஷயம், அடையாள அட்டை எண், நோய், கடன். படம் எடுத்துப் புலனத்தில் போட்டுவிடாதீர்கள். நாங்கள் நோட்டுகளை மகனிடமே கொடுத்துவிட்டு, முடியாத பதினோரு வரியை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரிடமும் போய், “டீச்சர் விட்ட இடத்திலிருந்து நாங்கள் பார்க்கலாமா?” என்று கேட்டோம். ஒருவர் வேண்டாம் என்றார், விட்டுவிட்டோம். மற்ற பத்தை ஆறு பேர் பிரித்துக்கொண்டோம். ஒருவர் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பவர், அவருக்கு சொக்சோ பாரம். லாரி ஓட்டுகிற தம்பிக்கு, ஆள்களை ஏற்றிப்போகும் வேலை. மலாய் நன்றாக எழுதுகிறவருக்குக் கடிதங்கள். எல்லாவற்றையும் ஒருவர் தலையில் கட்டாதீர்கள். டீச்சர் ஒருவராகச் செய்தார் என்றால், அவரை மாதிரி ஒருவர் நம்மில் இல்லை.

கண்ணாடி ஒரே வாரத்தில் முடிந்தது. இபிஎஃப் பெயர் போடுவதும் முடிந்தது, நேரில் போனால் அதிக நேரம் ஆகாத வேலை. அதைப் போடாமல் ஓர் ஆள் கண்ணை மூடினால் குடும்பம் அந்தப் பணத்துக்காக எத்தனை தடவை நடக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிக்கொண்டே இருப்பார். இதுவரை எட்டு வரிக்குச் சிவப்புச் சரி போட்டிருக்கிறோம். தாள் என் கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது, சிவப்புப் பேனா பக்கத்தில் நூலில் தொங்குகிறது.

மீதி இரண்டில் ஒன்று என்னுடையது. குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையோடு இத்தனை வருடம் ஓட்டிவிட்ட ஒரு பெரியம்மாவைப் பதிவிலாகாவுக்கு அழைத்துப்போக வேண்டும். பிறந்தது இங்கேதான், காகிதம்தான் இல்லை. டீச்சர் இரண்டு தடவை போயிருக்கிறார். இம்முறை வெள்ளிக்கிழமை. பழைய காகிதங்களுக்கு இரண்டிரண்டு நகல் எடுத்துக் கோப்பில் போட்டுவிட்டேன், காலை ஏழரைக்கு லாரித் தம்பி தன் காரை எடுத்து வருகிறார். டீச்சர் அந்த வரிக்குக் கீழே சின்னதாக இன்னொன்றும் எழுதியிருந்தார்: ‘வரிசை நீளம். சர்க்கரை உள்ளவர். பிஸ்கெட் எடுத்துப்போகவும்.’ வாங்கிப் பையில் வைத்துவிட்டேன்.